முறத்தைப் பார்த்துக்கொண்டு கேளுங்கள்

புதிதாக வந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். மரியாதைக்காகக் கேட்டிருக்கலாம். நான் நிஜமாகவே எழுதிவிட்டேன். ஓய்வு பெற்றவளிடம் பேனாவைக் கொடுத்தால் இதுதான் நடக்கும்.

எழுத்து அட்டையை எப்படிக் காட்டுவது, ஒரு பிள்ளைக்கு எத்தனை நிமிடம், பதிவேட்டில் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்பதையெல்லாம் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். அங்கே சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கும் ஆசிரியருக்கு இல்லாத ஓர் ஆபத்து, ஒரே ஒரு பிள்ளையை எதிரில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லும் நமக்கு உண்டு. அது நம் கழுத்துக்கு மேலே இருக்கிறது. நம் மூஞ்சி.

என் முகத்தைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பேருந்தில் யாராவது என் காலை மிதித்தால் மிதித்தவருக்கு மட்டுமல்ல, ஓட்டுநருக்கும் கண்ணாடியில் தெரிந்துவிடும். சீட்டு விளையாட என்னை யாரும் கூப்பிட்டதே இல்லை, கூப்பிட்டவர்கள் மறுபடி கூப்பிட்டதில்லை. இந்த முகத்தை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருடம் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தேன். அதில் நாலாவது வருடத்தில்தான் அஞ்சலை வந்தாள்.

அது தொண்ணூற்றெட்டாக இருக்கலாம். நம் அறக்கட்டளைக்கு அப்போது டவுனில் ஒரு லாட்ஜ் மாடியில் ஒற்றை அறைதான். அங்கிருந்து மொபெட்டில் அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் உள்ள பள்ளி. எனக்குக் கொடுக்க அறை இல்லை. சத்துணவு சமைக்கும் கொட்டகைக்கு வெளியே வேப்ப மரத்தடியில் ஒரு பாயைப் போட்டுக்கொள்வேன். வகுப்பில் வாசிக்கத் திணறும் பிள்ளைகளை ஒவ்வொருவராக அனுப்புவார்கள், ஆளுக்கு அரை மணி நேரம். சாம்பார் தாளிக்கிற நேரத்தில் வருகிற பிள்ளைக்கு எதுவும் ஏறாது. எனக்கும்தான்.

அஞ்சலை ஐந்தாம் வகுப்பு. எண்ணெய் வழிய இரட்டைச் சடை, எதற்கும் சட்டென்று சிரித்துவிடுவாள். ஜூலையில் என்னிடம் வந்தபோது எழுத்துகள் தெரியும், வார்த்தை வராது. தீபாவளிக்குள் பக்கம் பக்கமாக வாசித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பதிவேட்டில் வாரா வாரம் “மிக நன்று” என்று எழுதி, அதற்கு அடிக்கோடும் போட்டேன். யாரும் அடிக்கோடு கேட்கவில்லை, நானாகப் போட்டதுதான்.

கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் அவளுடைய அப்பா ஏழுமலை பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஒரு ஏக்கர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் டீக்கடையும் வைப்பார். இந்த வருடத்தோடு பெண்ணை நிறுத்திவிடப் போகிறேன் என்று தலைமையாசிரியரிடம் சொல்ல வந்திருந்தார். ஆறாவது படிக்க வேண்டுமென்றால் டிசி என்கிற மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு டவுன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்புகிற எண்ணம் அவருக்கு இல்லை.

நான் விடுவேனா? “அண்ணா, உங்க பொண்ணு எப்படிப் படிக்கிறா தெரியுமா? இப்பவே கேளுங்க” என்று பாயிலிருந்து அவளை அழைத்துக்கொண்டு போய்த் தலைமையாசிரியர் மேஜைக்கு முன்னால் நிறுத்தினேன். நான் அவளுக்குப் பின்னால் பெருமையாக நின்றுகொண்டேன்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர். ஆனால் அவருக்குப் பாஸ்போர்ட் போட்டோ முகம். சந்தோஷம், கோபம், பசி எதுவும் அதில் தெரியாது. புத்தகத்தை நீட்டினார். அஞ்சலை முதல் வார்த்தையைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் அப்படியே இருந்தார். வார்த்தையை மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். மறுபடி நிமிர்ந்தாள். ஒன்றும் இல்லை. மூன்றாவதாக ஒரு வார்த்தை சொன்னாள், குரல் பாதியாகிவிட்டது. பிறகு திரும்பி என்னைத் தேடினாள்.

“பாத்தீங்களா சார்” என்றார் ஏழுமலை. கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. “அஞ்சு வருசமா வந்துக்கினு கீறா. கடையில குந்த வச்சா டீ கிளாஸாவது கழுவுவா.”

“முழுப் பரீட்சை முடியட்டுங்க. அதுவரைக்கும் எனக்கு டைம் குடுங்க” என்றேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். “சரி டீச்சர். பரீட்ச முடிஞ்சதும் எங்க வூட்ல, எங்கண்ணு முன்னாடி படிக்கட்டும். படிச்சிட்டா அனுப்பறேன். எனக்குப் படிக்கத் தெரியாதே, எப்படிக் கண்டுபிடிப்பான்னு நெனச்சிக்காதீங்க. எனக்குத் தெரிஞ்ச சேதியத்தான் படிக்கச் சொல்வேன்.”

வெளியே வந்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தேன். தலைமையாசிரியரின் முகத்தைப் பார்த்துப் பிள்ளை பயந்துவிட்டது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். கொட்டகைக்குள்ளிருந்து சத்துணவு ஆயா கரண்டியோடு வந்தார். அவருக்கு ஓர் எழுத்து தெரியாது. ஆனால் ஐந்து மாதமாகப் பத்தடி தூரத்திலிருந்து என் வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர்தான்.

“டீச்சரம்மா, தப்பா நெனச்சிக்கலன்னா ஒண்ணு சொல்லட்டுமா?”

“சொல்லுங்க ஆயா.”

“அந்தப் பொண்ணு பொஸ்தகத்த எங்க பாக்குது? உங்க மூஞ்சியத்தான பாக்குது.”

எனக்குச் சுருக்கென்றது. ஆயா விடவில்லை. “நாளைக்கி அது சரியா படிக்கும்போது நீங்க மூஞ்சியச் சுளிச்சிப் பாருங்க. இன்னா ஆவுதுன்னு தெரியும்.”

மறுநாள் அஞ்சலை ‘குடம்’ என்று சரியாகத்தான் வாசித்தாள். நான் புருவத்தைச் சுருக்கினேன். சட்டென்று ‘குருவி’ என்றாள். இன்னும் சுருக்கினேன். ‘குதிரை’ என்றாள். புத்தகத்தில் அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் குடத்தின் படமே இருந்தது. அதைக்கூட அவள் பார்க்கவில்லை. முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வார்த்தைகளை விடுவது, என் முகம் எந்த வார்த்தைக்கு மலர்கிறதோ அங்கே நிறுத்துவது. ஐந்து மாதத்தில் என்னிடம் அவள் கற்றுக்கொண்ட கலை இது. இதற்குத்தான் நான் அடிக்கோடு போட்டிருந்தேன்.

அவமானமாக இருந்தது. அவள் ஏமாற்றினாள் என்று நினைக்காதீர்கள், அப்படி நினைத்தால் இந்த வேலைக்கு வராதீர்கள். அவள் கெட்டிக்காரி. வாசிப்பதைவிடச் சுலபமான ஒன்றை நான் எதிரிலேயே வைத்திருந்தேன், அவள் எடுத்துக்கொண்டாள்.

முகத்தை எப்படி மறைப்பது? இங்கேதான் என் மூளை வேலை செய்தது. ஆசிரமம் பக்கம் வெள்ளைக்காரர்கள் வாங்கும் பிளாட்பாரக் கடையில் பெரிய கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கினேன். மறுநாள் அதை மாட்டிக்கொண்டு மொபெட்டில் கம்பீரமாகப் பள்ளிக்குள் நுழைந்தேன். மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரு குரல் வந்தது: “டேய், டீச்சருக்கு மெட்ராஸ் ஐ!”

அவ்வளவுதான். பாயைச் சுற்றி ஒரு பிள்ளை இல்லை. தலைமையாசிரியர் வராண்டாவில் நின்றபடியே கையை நீட்டி என்னை நிறுத்தினார். “அங்கியே நில்லுங்கம்மா. ஒரு வாரம் லீவு எடுத்துக்குங்க. ஒருத்தருக்கு வந்தா எல்லாருக்கும் ஒட்டிக்கும்.” கண்ணாடியைக் கழற்றிக் கண்ணை உருட்டிக் காட்டினேன். அவர் பார்க்கவே மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பாஸ்போர்ட் போட்டோ முகத்தில் நான் பயத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒரு வழியாக விளக்கிச் சொல்லி அஞ்சலையை உட்காரவைத்தால், அவள் என் உதட்டுக்கு மாறிவிட்டாள். கண்ணாடி கண்ணைத்தானே மறைக்கும்.

ஆயா ஓரமாக நின்று சிரித்து முடித்துவிட்டு உள்ளே போய் ஒரு முறத்தில் அரிசியைக் கொட்டிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தார். “இதுல கல்லு ஜாஸ்தி. பொறுக்கிக்கினே கேளுங்க. நிமிராதீங்க. எனக்கும் ஒரு வேல மிச்சம்.”

நான் அறிந்த வாசிப்புப் பயிற்சி முறைகளில் இதைவிடச் சிறந்தது இல்லை. கல் பொறுக்குகிறவள் குனிந்துதான் இருக்க வேண்டும். நிமிர்ந்தால் கல் தப்பிவிடும், தப்பினால் நூற்றிருபது பிள்ளைகளில் ஒன்றின் பல்லுக்கடியில் போய்ச் சேரும். அந்தப் பயம் என் கழுத்தை வளைத்தே வைத்திருந்தது.

ஆனால் முதல் ஆறு வாரம் நரகம். தீபாவளிக்குப் பக்கம் பக்கமாக வாசித்தவள் பொங்கலுக்கு ஒரு வரியில் நின்றாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்துவாள். “சரியா டீச்சர்?” என்பாள். நான் அரிசியைப் பார்த்துக்கொண்டு, “நீயே இன்னொரு வாட்டி பாரு” என்பேன். “தப்பா டீச்சர்?” “நீயே பாரு.” ஒருநாள் புத்தகத்தை மூடிவிட்டாள். “முன்னாடிலாம் நீங்க நல்ல டீச்சரா இருந்தீங்க” என்றாள். எனக்கு நிமிர்ந்து அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஒரு கல்லைப் பொறுக்கினேன்.

மாதக் கூட்டத்தில் நம் மேற்பார்வையாளர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். “நவம்பர் வரைக்கும் மிக நன்று, அப்புறம் ஒண்ணுமே இல்லியே? இந்தப் பொண்ணு சரிப்படாது போல. வேற புள்ளைக்கு அந்த நேரத்தக் குடுத்துடுங்களேன்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. காகிதத்தில் பார்த்தால் நான் ஒரு பிள்ளையைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தேன். “நவம்பர் வரைக்கும் எழுதினதுதாங்க தப்பு” என்றேன். ஐந்து மாத “மிக நன்று”களையும் அவர் எதிரிலேயே ஒவ்வொன்றாக அடித்தேன். அடிக்கோடு போட்டிருந்ததால் அடிப்பது சிரமமாக இருந்தது.

மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. அஞ்சலை கிணற்றைப் பற்றிய பாடம் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொல்லிவிட்டு அடுத்த வார்த்தைக்குப் போனாள், நின்றாள். என்னைக் கேட்கவில்லை. “ம்ஹூம்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பின்னால் போய், அந்த வார்த்தையைச் சரியாகச் சொல்லிவிட்டு மேலே போனாள். அவ்வளவுதான். அவளுக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை.

நான் முறத்தின் மேல் குனிந்தபடி அழுதுகொண்டிருந்தேன். ஆயா வாசலிலிருந்து, “போதும் டீச்சரம்மா, சாதத்துல உப்பு ஜாஸ்தியாயிடப் போவுது” என்றார்.

பரீட்சை முடிந்து மே மாதம். மாற்றுச் சான்றிதழ் கொடுக்கத் தலைமையாசிரியர் கடைசியாக வரும் நாளைக்கு முந்தின சாயங்காலம் ஏழுமலை வீட்டுக்குப் போனேன். கையில் பாடப்புத்தகம், நாலு கதைப் புத்தகம், எல்லாம் கொண்டுபோயிருந்தேன். எதையும் அவர் வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்தார். நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் மடித்து மடித்து நைந்து போயிருந்தது.

“எங்க அண்ணன் பொண்ணு கல்யாணம்” என்றார். முகமெல்லாம் சிரிப்பு. “கெணத்துத் தகராறுல ஆறு வருசமா பேச்சு வார்த்த கெடயாது. போன வாரம் அவரே வந்து, தம்பி, உம் பேரும் போட்டுருக்கறன், குடும்பத்தோட வந்துடுன்னு குடுத்துட்டுப் போனாரு. நாலு நாளா பாக்கறவங்க எல்லார்ட்டயும் காட்டிக்கினு கீறன்.” பத்திரிகையை அஞ்சலையிடம் நீட்டினார். “படி. எம் பேரு எங்க வருதுன்னு பாக்கலாம்.”

தெரிந்த சேதியைத்தான் படிக்கச் சொல்வேன் என்று அன்று சொன்னபடியே செய்தார். நல்ல பரீட்சை என்று நினைத்துக்கொண்டேன். அவள் அம்மா பக்கத்தில் முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். என் கை தானாகவே அந்த முறத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டது.

அஞ்சலை வாசிக்க ஆரம்பித்தாள். மேலே போட்டிருந்த சாமி பெயர், நாள், முகூர்த்த நேரம், மண்டபம். நீளமான வார்த்தைகளில் இரண்டு முறை தடுக்கினாள், தானே சரிசெய்துகொண்டாள். மணமகன் பெயர் வந்தது. பிறகு கீழே, வரவேற்கிறவர்களின் பெயர்கள். தாய்மாமன்கள் மூன்று பேர். அத்தைகள். சித்தப்பா என்று போட்டு இரண்டு பெயர்கள், இரண்டுமே ஒன்றுவிட்ட தம்பிகள், வேறு ஊர்க்காரர்கள். குழந்தைகளின் பெயர்கள். அச்சகத்தின் பெயர். நிறுத்தினாள்.

“எம் பேர வுட்டுட்டியே” என்றார் ஏழுமலை. இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். “இன்னொரு தபா படி.”

இன்னொரு தபா படித்தாள். முதல் தடவையைவிட நிதானமாக, ஒவ்வொரு பெயராக. அதே பெயர்கள், அதே வரிசை. ஏழுமலை இல்லை.

அவர் இந்தப் பக்கம் திரும்பி, பத்திரிகையை அவளிடமிருந்து வாங்கி, என் முன்னால் நீட்டினார்.

“டீச்சர், நீங்க சொல்லுங்க. இவ படிக்கத் தெரியாம வுட்டுட்டா இல்ல? அண்ணன் அவரு வாயாலேயே சொன்னாரு. பாத்தவங்க எல்லாரும் ஆமா ஆமான்னு தலையாட்டினாங்களே.”

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். என் பன்னிரண்டு வருட வேலை அந்தப் பத்து நொடியில் இருந்தது. அவர் கேட்டது உதவி. ‘ஆமாங்க, சின்னப் பொண்ணுதானே, விட்டுட்டா’ என்று நான் சொன்னால் அவர் மானம் தப்பும், பெண்ணின் படிப்பு அன்றோடு முடியும். ‘இருங்க பார்க்கிறேன்’ என்று வாங்கிப் பார்த்தால் அதுவும் வம்புதான். நான் தலையை ஆட்டினால்தான் அவள் படித்தது படிப்பு என்று மறுபடியும் ஆகிவிடும். இத்தனை மாதம் கல் பொறுக்கியது வீண்.

கை பத்திரிகைக்குப் போகத் துடித்தது. ஒரு மல்லாட்டையை எடுத்து உடைத்தேன்.

“அஞ்சலை படிச்சதுதாங்க அதுல இருக்குது” என்றேன்.

பார்க்காமலேயே சொன்னேன். பிறகு நான் கிளம்பும்போது அவள் அம்மா வாசலில் பத்திரிகையை எனக்குக் காட்டினார், ஒரு பெயரைக்கூட அவள் விடவில்லை. ஆனால் அந்த நிமிடம் எனக்குத் தெரியாது.

ஏழுமலை பத்திரிகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவருக்கு அதில் மஞ்சள்தான் தெரியும். நாலு நாளாக அவரும் முகங்களைத்தான் படித்துக்கொண்டிருந்தார். ஊரில் படிக்கத் தெரிந்த அத்தனை பேரும் அந்தப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு அவருக்குச் சிரித்துக் காட்டியிருக்கிறார்கள். ஒருத்தருக்கும் சொல்ல வாய் வரவில்லை.

“ஏம்மா” என்றார் கடைசியில், மகளைப் பார்த்து. “எம் பேரு இல்லன்னு தெரிஞ்சும் படிச்சிக்கினே போனியே. எம் மூஞ்சியப் பாத்துப் பயமா இல்லியா உனக்கு?”

அஞ்சலை குழப்பத்தோடு அவரைப் பார்த்தாள்.

“நான் உன்னப் பாக்கவே இல்லியேப்பா. பேப்பரத்தான் பாத்துக்கினு இருந்தன்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். முறத்தில் தோல் உரித்த பருப்பு ஒரு குவியலாகக் கிடந்தது, அவ்வளவையும் நான் எப்போது உரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் எழுந்து, பத்திரிகையை இரண்டாக மடித்து மாடத்தில் செருகினார்.

“காலையில என் வெள்ளச் சட்டைய எடுத்து வை” என்றார் மனைவியிடம்.

அந்த அம்மா திகைத்துப் போனார். “கல்யாணம் அடுத்த வாரம்தான? இதுக்கு மேலயும் போறியா?”

“கல்யாணத்துக்கு இல்ல” என்றார் ஏழுமலை. “இஸ்கோலுக்கு. இவளுக்கு டிசி வாங்கணும்.”